பாய் ஒட்டிய முகம்

எங்கள் கடையில் பதிவு செய்து வாங்கிக்கொண்டு போன ஒருத்தருக்கும் ஜார்ஜ் மைக்கேல் என்கிற இங்கிலாந்துப் பாடகரின் ‘ஃப்ரீடம் 90’ பாட்டு எப்படி முடியும் என்று தெரியாது. பதிவு செய்து கொடுத்த எனக்கே தெரியாது. இருபத்தைந்து வருஷம் தெரியாமலேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

1991. திருச்சி சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடை. நான் பி.காம். இரண்டாம் வருஷம். காலையில் கல்லூரி, மூணு மணிக்கு மேல் கடை. கடைக்காரரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு டெக், ஒரு ஆம்ப்ளிஃபையர், சுவர் முழுக்க கேசட். ஜனங்கள் நோட்டுத்தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிஷக் கேசட்டில் பன்னிரண்டு பாட்டு, தொண்ணூறில் பதினெட்டு. இது கேட்க எளிது, செய்யும்போதுதான் தலைவலி. ஒரு சைடு முப்பது நிமிஷம் என்றால் முப்பதுக்குள் அடக்க வேண்டும். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தால் மறுநாள் காலையில் ஆள் வந்து நிற்பான். பாய் இதில் கில்லாடி. ஒரு பாட்டைக் கேட்டாலே நாலரை நிமிஷமா, அஞ்சேகாலா என்று சொல்லிவிடுவார். மிச்சம் இருக்கிற இடத்தில் ஒரு மியூசிக் பிட்டைப் போட்டு நிரப்புவார்.

சனிக்கிழமை சாயங்காலம் துவாக்குடியிலிருந்து ஆர்.இ.சி. என்ஜினீயரிங் கல்லூரிப் பசங்க பஸ் பிடித்து வருவார்கள். டெல்லி, பம்பாய், கல்கத்தா என்று எங்கெங்கிருந்தோ வந்து ஹாஸ்டலில் கிடக்கிற பசங்க. அவர்களால்தான் எங்கள் கடைக்கு இங்கிலீஷ் பாட்டு வந்தது. ஊருக்குப் போய் வரும்போது ஒரிஜினல் கேசட் கொண்டுவருவார்கள். பாய் ஒரு ராத்திரி கடன் வாங்கி, அதிலிருந்து தனக்குப் பிடித்த இரண்டு மூன்று பாட்டை எடுத்து ‘இங்கிலீஷ் ஹிட்ஸ்’ என்று நம்பர் போட்டு மாஸ்டர் தயாரிப்பார். பதிலுக்கு அந்தப் பையனுக்கு ஒரு கேசட் இலவசமாகப் பதிவு. சட்டப்படி இதெல்லாம் திருட்டுதான். அன்றைக்கு எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

பாய்க்கு இங்கிலீஷ் தெரியாது. காது தெரியும். “இது பெட்டிய ஆட்டும்டா” என்பார், ஆட்டும்.

அப்படி ஒரு ராத்திரிக்கு வந்த கேசட்தான் ஜார்ஜ் மைக்கேலின் ‘லிசன் வித்தவுட் பிரெஜுடிஸ்’. ஜார்ஜ் மைக்கேல் எங்களுக்குப் புதுசு இல்லை. ‘ஃபெய்த்’ கேசட் எங்கள் கடையில் எத்தனை பிரதி போயிருக்கும் என்று கணக்கே கிடையாது. ஆனால் இந்தப் புதுக் கேசட்டின் அட்டையைப் பார்த்துவிட்டு பாய் முகம் சுளித்தார். அட்டையில் ஆள் இல்லை. ஒரு கடற்கரை, அதில் திருவிழாக் கூட்டம் மாதிரி ஆயிரமாயிரம் தலை. கேசட் அளவுக்குச் சுருங்கியதில் எல்லாத் தலையும் கம்பங்கதிர் மணி மாதிரி ஒட்டிக் கிடந்தது.

“என்னடா இது? இதுல எவன் அவன்?”

“தெரியல பாய்.”

ட்யூப்லைட்டுக்குக் கீழே வைத்து இரண்டு பேரும் தேடினோம். நிஜமாகவே தேடினோம். வேடிக்கை என்னவென்றால் அது வீஜீ என்கிற புகைப்படக்காரர் 1940-ல் நியூயார்க் கோனி ஐலண்டில் எடுத்த படம். அந்தப் பாடகர் பிறந்ததே 1963. இது எனக்குத் தெரிய வந்தது ரொம்ப வருஷம் கழித்து.

“போட்டோ இல்லாத கேசட்ட எவன்டா வாங்குவான்?” என்று சொல்லிவிட்டு, டேப் சிக்கி நாசமாய்ப் போன ஒரு பழைய ‘ஃபெய்த்’ கேசட்டின் அட்டையை எடுத்தார் பாய். தோல் ஜாக்கெட், காதில் தொங்கும் சிலுவை, மழிக்காத தாடி. கத்தரிக்கோலால் முகத்தைச் சுற்றி வெட்டினார். கடையின் முன்கண்ணாடியில், புதுப் பாட்டு என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் பசை தடவி ஒட்டினார்.

அந்த மனுஷன் எதை எடுத்துவிடுங்கள் என்று ஆறரை நிமிஷம் தொண்டை கிழியப் பாடியிருந்தாரோ, அதைத்தான் பாய் திருச்சியில் திரும்ப ஒட்டினார்.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஜார்ஜ் மைக்கேலின் நிஜப் பெயர் யோர்கோஸ் கிரியாகோஸ் பனயோட்டூ. லண்டனில் பிறந்தவர். அப்பா சைப்ரஸ் தீவிலிருந்து பிழைக்க வந்து ஹோட்டல் நடத்திய கிரேக்கர், அம்மா ஆங்கிலேயர். பள்ளிக்கூடத்தில் கண்ணாடி போட்ட, குண்டான, கூச்ச சுபாவப் பையன். பக்கத்தில் உட்கார்ந்த ஆண்ட்ரூ ரிட்ஜ்லிதான் அழகன். இரண்டு பேரும் 1981-ல் ‘வாம்’ என்று குழு ஆரம்பித்தார்கள். 1984-க்குள் இங்கிலாந்து முழுக்கப் பெண்பிள்ளைகள் சுவரில் இவர்கள் படம். 1985 ஏப்ரலில் பீக்கிங் போய்ப் பாடிவிட்டு வந்தார்கள். 1986 ஜூனில் வெம்ப்லி ஸ்டேடியத்தில் எழுபதாயிரம் பேருக்கு மேல் கூட்டி வைத்து, இதுதான் கடைசி என்று கும்பிடு போட்டுக் கலைந்தார்கள். அப்போது ஜார்ஜுக்கு வயது இருபத்து மூணு.

அடுத்த வருஷம் தனியாக ‘ஃபெய்த்’. அதில் நான்கு பாட்டு அமெரிக்காவில் முதலிடம். 1989-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி. வாம் காலத்துப் பையனை அழித்துவிட்டு இன்னொரு ஆளை உண்டாக்கினார்: கருப்புக் கண்ணாடி, கிழிந்த ஜீன்ஸ், தோல் ஜாக்கெட், இடுப்பில் கிடார், பின்னால் காசு போட்டால் பாடுகிற ஜூக்பாக்ஸ் பெட்டி. ஜாக்கெட்டில் பி.எஸ்.ஏ. என்று முத்திரை இருக்கும். அது பிர்மிங்ஹாம் மோட்டார் சைக்கிள் கம்பெனி. எங்களுக்கு பி.எஸ்.ஏ. என்றால் எஸ்.எல்.ஆர். சைக்கிள். “இந்தாளும் நம்ம சைக்கிள்தான் ஓட்டுறான் போல” என்று பாய் சந்தோஷப்பட்டது ஞாபகம் இருக்கிறது.

அந்த ஆள் ஒரு வேஷம் என்பது ஜார்ஜுக்குத் தெரியும். வேஷம் கட்டினவரே அவர்தானே. ஆனால் ஊர் ஊராகப் போய்ப் பாடிவிட்டு வந்தபோது வேஷம் உடம்போடு ஒட்டிக்கொண்டது. 1990-ல் அடுத்த ஆல்பம் போடும்போது, இனி என் முகம் எதிலும் வராது, வீடியோவில் நடிக்க மாட்டேன் என்றார். முதல் பாட்டுக்கு வந்த வீடியோவில் இருண்ட திரையில் பாட்டின் வரிகள் மட்டும் ஓடின. இருபத்தேழு வயசில், உலகமே பார்க்கத் துடிக்கிற முகத்தை வைத்துக்கொண்டு இப்படிச் செய்ய ஒரு திமிர் வேண்டும்.

அந்த ஆல்பத்தில் வருகிற ‘ஃப்ரீடம் 90’தான் நான் சொல்ல வந்த பாட்டு.

பெயரில் ஏன் தொண்ணூறு? 1984-ல் வாம் குழுவிலேயே ‘ஃப்ரீடம்’ என்று இன்னொரு பாட்டு உண்டு. அதில் காதலியிடம், உன் சுதந்திரம் எனக்கு வேண்டாம், நீ போதும் என்று கெஞ்சுவான் பையன். 1987-ல் ‘ஃபெய்த்’ பாட்டு ஆரம்பிக்கும் முன் சர்ச் ஆர்கன் மாதிரி ஒரு இசை வருமே, அது இந்த 1984 ‘ஃப்ரீடம்’ மெட்டுதான், சாவு வீட்டு வாத்தியம் மாதிரி மெதுவாக்கியது. பழைய ஜார்ஜுக்குக் காரியம் செய்துவிட்டுத்தான் புது ஜார்ஜ் கிடாரைத் தட்டுகிறார். 1990-ல் அந்தப் புது ஜார்ஜுக்கும் காரியம். ஒரே சொல், மூன்று தடவை. நான் இதைக் கண்டுபிடித்த ராத்திரி தூக்கமே வரவில்லை. சொல்லி மாளாத சந்தோஷம். சொல்லத்தான் பக்கத்தில் யாரும் இல்லை.

பாட்டில் அவர் சொல்வதை என் வார்த்தையில் சொல்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கனவாக இருந்தேன், அதில் எனக்கும் மனசு குளிர்ந்துபோயிருந்தது. ஜெயித்தோம், புதுச் சட்டை போட்டோம், டிவியில் வந்தோம். இப்போது ஆட்டத்தை வேறு மாதிரி ஆடப்போகிறேன். எனக்குள் வேறொருவன் இருக்கிறான், அவனை மறந்துவிட்டேன். சட்டம் போட்டு மாட்டிய அந்தப் படத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தச் சத்தத்தை நம்புங்கள், என்னிடம் உருப்படியாக இருப்பது அது ஒன்றுதான்.

கவனித்தால் தெரியும், இது ராஜினாமாக் கடிதம் இல்லை. பேரம். பாட்டை வைத்துக்கொள்ளுங்கள், முகத்தைக் கொடுத்துவிடுங்கள் என்கிற பேரம். புகழ் வேண்டாம் என்று புலம்புகிற பாட்டுகள் எக்கச்சக்கம். பெரும்பாலும் எனக்கு எரிச்சல் வரும். பங்களாவில் உட்கார்ந்துகொண்டு மாயை மாயை என்றால் யாருக்குத்தான் வராது? இந்தப் பாட்டு எரிச்சல் தராததற்குக் காரணம், இவர் அழவில்லை. ஆட வைத்துக்கொண்டே கணக்குத் தீர்க்கிறார். ஏமாந்தோம் என்று சொல்லவில்லை, நானும் சேர்ந்துதான் ஏமாற்றினேன், வாங்கிக்கொண்டேன் என்கிறார்.

ஆட்டம் என்றேனே, அதன் அடியில் ஓடுகிற டிரம்ஸ் அவருடையது இல்லை. அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரௌனின் ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டில் க்ளைட் ஸ்டப்பிள்ஃபீல்ட் 1969-ல் வாசித்தது. அந்தச் சில விநாடித் துண்டை வெட்டியெடுத்து உலகத்தில் எத்தனையோ பாட்டில் சுழல விட்டிருக்கிறார்கள். வாசித்த மனுஷனுக்கு அதிலிருந்து ராயல்டி வரவில்லை. பல வருஷம் அமெரிக்காவில் விஸ்கான்சின் பக்கம் கிளப்புகளில் வாசித்துக்கொண்டிருந்தார். முகம் வேண்டாம் என்று கோடீஸ்வரர் பாடுகிற பாட்டுக்கு, யாரும் முகம் பார்க்காத ஒருத்தர் தாளம். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இப்போது முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். பாய் அந்த மாஸ்டரில் ‘ஃப்ரீடம் 90’-ஐ ஏ சைடில் கடைசியாகப் போட்டார். எந்தப் பாட்டுக்கும் கணக்குத் தப்பாதவர் இதற்குத் தப்பிவிட்டார். அஞ்சு நிமிஷத்தில் முடிகிற மாதிரித்தான் அந்தப் பாட்டு போக்குக் காட்டும். முடியாது. திரும்பக் கோரஸ், திரும்பத் தாளம், திரும்பப் பியானோ. டேப் தீர்ந்துவிட்டது. டக் என்று பட்டன் எழும்பியது. காலையில் ஆர்.இ.சி. பையன் வந்து ஒரிஜினலை வாங்கிக்கொண்டு போய்விட்டான். “விடு, கோரஸ்தான் திரும்பத் திரும்ப வருது, கடைசில என்ன பெருசா சொல்லிடப் போறான்” என்றார் பாய். அந்த மாஸ்டரிலிருந்துதான் அத்தனை பிரதியும் போயின. எனக்கும் ஒன்று. நான் கேட்ட ‘ஃப்ரீடம் 90’ ஒரு சொல்லின் பாதியில் அறுந்து, டக் என்று முடியும். கொஞ்ச நாளில் அந்த டக்கும் பாட்டில் ஒரு பகுதியாகிவிட்டது. வேறு யாராவது அந்தப் பாட்டை முணுமுணுத்தால் நான் நாக்கால் டக் போடுவேன்.

வீடியோவை முதலில் பார்த்தது 1993 வாக்கில், கேபிள்காரர் ரூமில். ஸ்டார் டிவி வழியாக எம்டிவி வந்திருந்த காலம். பார்த்தால் ஜார்ஜ் மைக்கேல் எங்கும் இல்லை. ஐந்து மாடல் பெண்கள். நவோமி கேம்ப்பெல், லிண்டா எவாஞ்சலிஸ்டா, சிண்டி க்ராஃபோர்ட், கிறிஸ்டி டர்லிங்டன், டாட்யானா பாடிட்ஸ். இந்த ஐந்து பேரும் சேர்ந்து நிற்கிற படம் 1990 ஜனவரி பிரிட்டிஷ் வோக் ஃபேஷன் பத்திரிகையின் அட்டையில் வந்தது. அதைப் பார்த்துத்தான் ஜார்ஜுக்கு யோசனை. டைரக்டர் டேவிட் ஃபின்ச்சர், அப்போது சினிமா எடுக்க ஆரம்பிக்காதவர். ஒருத்தி போர்வையைச் சுற்றிக்கொண்டு நடக்கிறாள். ஒருத்தி தலையில் துண்டு கட்டிக் குளியல் தொட்டியில். ஒருத்தி ஸ்வெட்டரை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டு. எல்லார் வாயும் ஜார்ஜின் குரலுக்கு அசைகிறது. கோரஸ் வரும்போது கொக்கியில் மாட்டின தோல் ஜாக்கெட் தீப்பிடித்து எரிகிறது. அதே ‘ஃபெய்த்’ ஜாக்கெட். ஜூக்பாக்ஸ் வெடிக்கிறது. கிடார் வெடிக்கிறது.

பாய் எங்கள் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஆளின் சட்டை அங்கே எரிந்துகொண்டிருந்தது. எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது.

முடிவு வரப்போகிறது என்று காத்திருந்தேன். குளியல் தொட்டி இன்னொரு தடவை வந்ததும் ஃபோன் அடித்தது. தெருவில் ஏதோ வீட்டு அம்மா. “மாத்திட்டேன்க்கா, மாத்திட்டேன்” என்று கேபிள்காரர் சன் டிவிக்குப் போய்விட்டார். ஆக, இரண்டாம் தடவையும் டக்.

அந்த வீடியோவை இப்போது யோசித்தால் ஒரு முரண் உறுத்துகிறது. என் முகத்தைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல, உலகத்திலேயே அதிகம் பார்க்கப்பட்ட ஐந்து முகங்கள் அவருக்குத் தேவைப்பட்டன. கறுப்புத் திரை போதவில்லை. கண்ணைக் கழற்றி வைத்துவிட்டுக் கேளுங்கள் என்று ஜனங்களிடம் சொல்ல முடியாது என்று அவருக்கே புரிந்திருக்க வேண்டும். சரி, பார்த்தே தீருவீர்கள் என்றால் இவர்களைப் பாருங்கள். இதைத் தோல்வி என்று சொல்கிறவர்கள் உண்டு, புத்திசாலித்தனம் என்பவர்களும் உண்டு. எனக்கு அது பாய் செய்த காரியத்துக்கு ரொம்பத் தூரமில்லை என்று படுகிறது. பாட்டு இங்கிலாந்தில் 28-வது இடத்தோடு நின்றுவிட்டது. அமெரிக்காவில் 8.

முதல் அடி யாரிடமிருந்து வந்தது என்பது இன்னும் தமாஷ். 1990 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் பத்திரிகைக்கு ஜார்ஜ் பேட்டி கொடுத்தார், புகழின் பாரத்தைக் குறைத்துக்கொள்ளப் போகிறேன் என்று. அதைப் படித்துவிட்டு எழுபத்து நாலு வயது பழம்பெரும் அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா அதே பத்திரிகைக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். காலையில் எழுந்ததும் கடவுளுக்கு நன்றி சொல்லு தம்பி, புகழின் சோகம் என்று எதையும் பேசாதே, யாருமே வராத கடையில் பெருக்குகிற அம்மாவுக்குப் பாடிக்கொண்டிருப்பதுதான் சோகம், என்கிற தோரணையில். பெரியவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நான் சினாட்ரா கட்சி, ஜார்ஜ் கட்சி என்று மாதத்துக்கு ஒரு தடவை மாறுவேன்.

கம்பெனி அதைவிடக் கோபமாக இருந்தது. ‘ஃபெய்த்’ வெளியிட்ட சிபிஎஸ் ரெக்கார்டு கம்பெனியை 1988-ல் சோனி வாங்கியிருந்தது. முகம் காட்டாததால் ஆல்பத்தைச் சரியாக விற்கவில்லை என்று ஜார்ஜுக்கு ஆத்திரம். முகம் காட்டாமல் எப்படி விற்பது என்று அவர்களுக்கு. 1992-ல் கோர்ட்டுக்குப் போனார். என்னை அடிமையாக வைத்திருக்கிறது ஒப்பந்தம் என்று வாதம். 1994 ஜூனில் லண்டன் நீதிபதி, ஒப்பந்தம் செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மறுவருஷம் வேறு கம்பெனிகள் பணம் கட்டி அவரை மீட்டுக்கொண்டு போயின. ஆல்பத்தின் இரண்டாம் பாகம் வரவே இல்லை. அதற்கென்று வைத்திருந்த பாட்டில் சிலதை எய்ட்ஸ் நிதிக்கான தொகுப்புக்குக் கொடுத்துவிட்டார். கூத்து என்னவென்றால், 2003-ல் திரும்ப அதே சோனிக்கே போய்ச் சேர்ந்தார்.

1998-ல் தான் ஓரினச் சேர்க்கையாளர் என்று டிவியில் சொன்ன பிறகு, எனக்குள் வேறொருவன் இருக்கிறான் என்கிற வரிக்கு எல்லாரும் அந்த ஒரு அர்த்தத்தையே எழுதிவிட்டார்கள். அதுவும் சரிதான். அது மட்டும்தானா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. முகம் விற்றுப் பிழைக்கிற யாருக்கும் உள்ளே ஒருத்தன் இருப்பான்.

2012 ஆகஸ்டில் லண்டன் ஒலிம்பிக்ஸ் நிறைவு விழா. அதற்கு எட்டு மாதம் முன்னால்தான் வியன்னாவில் நிமோனியா வந்து, தொண்டையில் துளை போட்டு, பிழைப்பாரா என்கிற நிலைமை. அங்கிருந்து எழுந்து வந்து, கருப்புக் கண்ணாடி, கருப்புச் சட்டையோடு ஸ்டேடியத்தின் நடுவில் நின்று ‘ஃப்ரீடம் 90’ பாடினார். வீடியோவில் இல்லாத முகம், இருபத்திரண்டு வருஷம் கழித்து, அதே பாட்டுக்கு நேரில். கூடவே உயிர் பிழைத்ததைப் பற்றி எழுதிய புதுப் பாட்டையும் பாடினார். புதுசு எதற்கு, பழசைப் பாட வேண்டியதுதானே என்று ஜனங்கள் திட்டித் தீர்த்தார்கள்.

2016 டிசம்பர் 26. ரூபாய் நோட்டு செல்லாமல் போன காலம். தில்லைநகரில் ஒரு ஏடிஎம் வாசலில் 2,500 ரூபாய்க்கு வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் முப்பது பேராவது இருப்பார்கள். காலைச் செய்தியிலேயே பார்த்துவிட்டேன், கிறிஸ்துமஸ் அன்று தூக்கத்தில் போய்விட்டார், வயது ஐம்பத்து மூணு. ஜியோ சிம் இலவசமாக ஓடிக்கொண்டிருந்ததால் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டைத் தட்டினேன். ஐந்து நிமிஷம் போல ஆனதும் காது தானாகக் காத்திருந்தது. அந்தக் கோரஸ், அந்தப் பாதிச் சொல், இதோ டக்.

டக் வரவில்லை. சொல்லின் மறுபாதி வந்தது. அதற்கப்புறம் இன்னும் கொஞ்சம் பாட்டு. தாளம் ஓடிக்கொண்டே இருக்க, கிட்டத்தட்ட முணுமுணுப்பாக, நீங்கள் கேட்டது இதுவாக இருக்காது, ஆனால் இப்படித்தான் ஆக வேண்டும் என்கிறார். முகத்தை விட்டுவிடு என்கிறார். நான் வாழணும், வாழணும் என்கிறார். முடிந்துவிட்டது.

“சார், நகருங்க” என்றார் பின்னால் நின்றவர்.

கடைசியில் என்ன பெருசா சொல்லிடப் போறான் என்று பாய் விட்ட இடத்தில்தான் அந்த வரி இருந்திருக்கிறது. முகம். அதை விட்டுவிடு என்கிற வரிதான் எங்கள் டேப்பில் விழாமல் போனது.

பாய் கடையை எப்போதோ மூடிவிட்டார். அதே இடத்தில் மகன் மொபைல் கடை வைத்திருக்கிறார். பாய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வாசலில் உட்கார்ந்திருப்பார், டெம்பர்ட் கிளாஸ் ஒட்டுவதை மட்டும் தானே செய்வேன் என்று பிடிவாதம். ஜனவரியில் ஒரு நாள் போய், பாட்டை முழுசாகப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். விரல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. கடைசி வரிகளுக்கு அர்த்தம் சொன்னேன். கண்ணாடியில் அந்தப் படத்தை ஒட்டியதையும் ஞாபகப்படுத்தினேன்.

வருத்தப்படுவார், இல்லாவிட்டால் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை.

“எவ்ளோ நேரம் பத்தாம போச்சு?”

“ஒரு நிமிஷம் இருக்கும் பாய். ஒன்னேகால்.”

கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏ சைடுல மூணாவதா ஒரு ஸ்லோ பாட்டு போட்டேன்ல, அது நாலரை. அதத் தூக்கி பி-க்குக் கொண்டுபோயிருந்தா இது உட்கார்ந்திருக்கும்டா” என்றார்.